உன் நாற்காலிக்கு ஆள் தேவை

இன்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்த்தேன். நாம் இருவரும் சேர்ந்திருந்த வேலைவாய்ப்புக் குழுவில் ஒரு விளம்பரம். மண்ணூர்பேட்டை ஆய்வகத்தில் செல் வளர்ப்புக்கு ஆள் தேவை, எம்.எஸ்சி. முடித்திருக்க வேண்டும், உடனே சேர வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்று துள்ளிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அது உன் நாற்காலி. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றிருந்தேன்.

ஒரு நொடி சந்தோஷப்பட்டேனே, அடிப்பாவி, அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

இப்படி விளம்பரம் வந்தால் முதலில் எனக்கு அனுப்புகிறவள் நீதான். எல்லாரும் அனுபவம் கேட்கிறார்கள் என்று நான் டியூஷனோடு முடங்கியபோது, "போட்டு வையேன்டி, கெடைக்கலன்னா இன்னா, கிரீடமா எறங்கிடும்?" என்று திட்டுவாய். உனக்குக் கிடைத்தது. தீபாவளியன்றுகூட இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினாய். குடுவையில் வளரும் செல்களுக்குச் சாப்பாடாக ஊற்றும் மீடியாவை மாற்ற வேண்டுமாம். "அதுங்களுக்கு தீபாவளி தெரியுமா? இன்னிக்கி மாத்தலன்னா செத்துடும்டி" என்றாய்.

கண்ணுக்கே தெரியாத அவற்றை அப்படிக் காப்பாற்றியவளை ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றுதானே சொன்னாய்? ஆஸ்பத்திரி வாசலில் உன் அண்ணன் விஷயத்தைச் சொன்னபோது, இதில் போய் விளையாடுகிறாரே என்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

மத்தியானம் பருத்திப்பட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் விளம்பரத்தைக் காட்டினேன். மறைத்து வைத்து விண்ணப்பிக்க மனம் வரவில்லை.

"எம்பொண்ணுக்கு காரியங்கூட முடியல. அதுக்குள்ளயுமா ஆள் தேடுறாங்க?" என்றவர் கைபேசியை என் பக்கமே தள்ளிவிட்டார். நான் வந்திருக்கவே கூடாது என்று எழுந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போடு கண்ணு. யாரோ வந்து அங்க குந்தறதுக்கு நீ குந்து."

செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தார். "வேல கெடச்சா, சாயங்காலம் கெளம்பசொல்லோ எனக்கு ஒரு போன் போடு. அவ டெய்லி போடுவா. அந்த நேரத்துக்கு போன் அடிக்காம கீறது எனக்கு ஆவல."

விண்ணப்பித்துவிட்டேன். அனுபவம் இல்லாத என்னைக் கூப்பிடுவார்களா, தெரியாது. ஆனால் சாயங்காலம் நீ கிளம்பும் நேரம் வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"கெளம்பிட்டியா?" என்றார்.

"கெளம்பிட்டேன்மா" என்றேன்.