அம்மாவின் மொட்டைக்கு ஒரு காரணம்

திங்கள், 11

காலையிலேயே வெயில். பாத்ரூமில் தண்ணீர் போகவில்லை. குழிக்குள் கையை விட்டு இழுத்தேன். கொத்தாக அம்மாவின் முடி.

இரண்டாவது கீமோ வியாழன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "நான் வரல. மொட்டையா நின்னா தாமான்ல அத்தன வீட்டுக்கும் தெரிஞ்சிடும் லா. நோயோடவே இருந்துட்டுப் போறேன்."

போகாவிட்டால்? எழுதக் கை வரவில்லை.

நர்ஸுக்குப் போன். வேகமாக வளர்கிற செல்லை எல்லாம் மருந்து அடிக்குமாம். கட்டியும் அப்படி, முடி வேரும் அப்படி. "எல்லாம் முடிஞ்சா திரும்ப வளரும்மா. கண்டதையும் தேய்க்காத. எடுக்கறதுன்னா மெஷின்ல எடு. பிளேடு வேணாம், கீறினா கிருமி போயிரும்."

அம்மா தலையில் வெங்காயச் சாறு நேற்றே தேய்த்துத் தொலைத்தேன். மண்டை சிவந்து எரிகிறதாம். மடச்சி நான்.

செவ்வாய், 12

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் விக் வாங்கி வந்தேன். அம்மா தொடக்கூட இல்லை. "எந்தச் செத்தவ முடியோ!" நானும் கத்தினேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் ஒரு யோசனை. மொட்டையைப் பார்த்தால் இங்கே யாருக்கும் நோய் ஞாபகம் வராது. பத்துமலை முருகன் கோயில்தான் வரும்.

"வேண்டுதல்னு சொல்லிடலாம்மா."

"சாமி பேர்ல பொய் சொல்லச் சொல்றியா? காலேஜ விட்டப்பவே புத்தியையும் விட்டுட்டியா?"

கதவு படார். நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

புதன், 13

மழை. அம்மாவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "எடு."

மெஷினை மெதுவாக ஓட்டினேன். காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். இத்தனை வருஷம் பார்த்ததே இல்லை.

"பொய் இல்ல. நெஜமாவே வேண்டிக்கிட்டேன்."

என்ன வேண்டுதல் என்று கேட்டேன். அம்மா முடியை மஞ்சள் துணியில் முடிந்தார். கிருமி தொற்றிவிடும், கூட்டத்துக்குள் அவர் போகக்கூடாது, பத்துமலைக்கு நான்தான் கொண்டுபோக வேண்டும். தலையில் சந்தனம் கேட்டார். எரிச்சல் அடங்கட்டும் என்று நெற்றியில் மட்டும் வைத்தேன்.

வியாழன், 14

ஆஸ்பத்திரி போக கார் வந்துவிட்டது. வாசலில் எதிர்வீட்டு தேவி ஆன்டி.

"ஐயோ அக்கா, மொட்டையா! யாருக்கு வேண்டுதல்?"

அம்மா என்னைக் காட்டினார். "இவளுக்குத்தான். படிப்ப விட்டுட்டு சுத்துறாளே, திரும்பப் போகணும்னு."

ஆன்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "பெத்தவ தலையை மழிக்க வெச்சிட்டியேடி! வெக்கமா இல்ல?"

தலையைக் குனிந்து நின்றேன். திட்டட்டும். தாமான் முழுக்கத் திட்டட்டும். அவர் திட்டி முடிப்பதற்குள் அம்மா காரில் ஏறிவிட்டார்.