தாளில் எழுதிய வேகம்

கிண்ணியா,
14.09.2024

அன்புள்ள தம்பி அப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தாரில் நீங்கள் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன். நான் கோல் எடுத்தாலும் நீங்கள் பேசுவதில்லை. அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஜவ்பரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசியுங்கள்.

உம்மாவுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் குறைவு. மகள் நுஸ்ரத் பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் காக்கா என்னை விட்டுப் போனபின் நான் இருந்த இத்தா போன ஞாயிறோடு முடிந்தது. வீட்டுக்குள் இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் வந்தவர்களெல்லாம் ஒரே கதையைத்தான் கதைத்தார்கள்: அப்ராஸ் மெஷினை வேகமாக விட்டான், காக்கா மவுத்தானார் என்று. நீங்களும் கடையில் வேலை செய்யும் பாஹிமிடம், "என்ட கையாலதான் காக்கா போனார், இனி எந்த முகத்தோட ஊருக்கு வாற" என்று அழுதீர்களாம். நாற்பதாம் நாள் கத்தம் ஓதும்வரையும் நிற்கவில்லை நீங்கள். நான் யாருடைய வாயையும் மூடவில்லை. மனதுக்குள் நானும் உங்களைத்தான் குற்றம் சொன்னேன். அதை மறைக்க ஏலாது.

வெளியே இறங்க முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு டவுனில் நம் ஸ்கிரீன் பிரிண்ட் கடைக்குப் போனேன். பழைய மெஷினும் புதிய மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. உங்கள் காக்கா விழுந்த தரையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் அன்று புதியதில் வைத்த அதே வேகம் ஏழில் பழையதை விடும்படி பாஹிமிடம் சொன்னேன். நுஸ்ரத் மணிக்கூட்டைப் பார்த்தாள். டீசேட் போடும் பலகை ஒவ்வொன்றும் சுற்றி முன்னால் வந்து நிற்கும்போது நான் தஸ்பீஹில் ஒரு மணியைத் தள்ளினேன். பாஹிமுக்குச் சிரிப்பு. "என்ன மதினி, மெஷினுக்கு ஓதிப் பாக்கிறீங்களா?" என்று கேட்டான்.

ஐந்து நிமிடத்தில் முப்பத்து நான்கு. பிறகு புதியதையும் அதே ஏழில் விட்டோம். அறுபத்தொன்று. பாஹிமின் சிரிப்பு நின்றுவிட்டது. புதியதை நாலுக்கு இறக்கிய பிறகுதான் பழைய வேகம் வந்தது.

ஏழு என்றால் எல்லா மெஷினிலும் ஒரே வேகம் என்று நினைத்துவிட்டோம், தம்பி. டீசேட்டின் கை மடிந்து கிடந்தால், பலகை நகருமுன் குனிந்து இழுத்துவிடுவது உங்கள் காக்காவின் பழக்கம். பழைய மெஷின் அதற்கு நேரம் கொடுத்தது. புதியது கொடுக்கவில்லை. சுழன்ற பலகை அவர் தலையில் அடித்துத் தள்ளிவிட்டது.

சொல்ல வேண்டியதை இனித்தான் சொல்லப்போகிறேன். அந்த ஏழாம் இலக்கத்தை நீங்களாக வைக்கவில்லை. புதிய மெஷினில் வேகம் எழுதி ஒட்டியிருந்த தாளைப் பார்த்து வைத்தீர்கள். அந்தத் தாளை எழுதியவள் நான். மெஷின் வந்த அன்று உங்கள் காக்கா பழைய மெஷினின் தாளைக் கொண்டுவந்து, "ஹுஸ்னியா, உன்ட எழுத்துத்தான் அச்சு மாதிரி. இதப் பாத்து அழகா எழுதித் தா, புதுசில ஒட்டுவம்" என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தப் புகழ்ச்சியில் பூரித்துப்போய், அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, சிவப்புப் பேனையால் எழுதிக் கொடுத்தேன். ஓர் இலக்கமும் பிழைக்கவில்லை.

தாளை உரித்து எடுத்துவந்து உம்மாவிடம் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உம்மா தாளை மடித்து என் கையில் தந்தார். பிறகு, "அவனுக்கு எழுது புள்ள. இன்னொரு மகனையும் இழக்க என்னால ஏலாது" என்றார்.

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஓர் அடியானுக்குச் செய்த பிழையை அந்த அடியான்தான் பொறுக்க வேண்டும். நான் எழுதியதற்கும், உங்களைக் குற்றம் சொன்னதற்கும் என்னை மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள்.

உங்கள் காக்காவை அடக்கிய மையவாடிக்கு நாங்கள் பெண்கள் போவதில்லை. அவரின் கப்றடியில் நின்று ஸலாம் சொல்ல இந்த வீட்டில் ஓர் ஆணும் இல்லை. வாருங்கள் தம்பி.

உங்கள் துஆவை நாடும்
மதினி ஹுஸ்னியா