அப்பா இப்போது உட்காருவதே இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறேன். தையல் ஆலையில் உனக்கு வேலை கொஞ்சமாவது குறைந்ததா? நீ போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். ஆமாம் அம்மா, நிற்கிறார். அவர் இப்போது உட்காருவதே இல்லை. அதுதான் என் பயம்.

எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அப்பா சொன்னதால் காது டாக்டரிடம் போனோம். காதில் குறையில்லை என்று அவர் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். டாக்டரம்மா அப்பாவைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். நின்றதும் மளமளவென்று இறங்கியது. தானியங்கி நரம்பு மண்டலம் என்று ஒன்று இருக்கிறதாம். நம்மைக் கேட்காமலே இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் நடத்துவது அதுதான். நாம் எழும்போது கால் ரத்தக் குழாய்களை இறுக்கி, ரத்தத்தைத் தலைக்குப் போகவைக்கும். அப்பாவுக்கு அது சரியாக வேலை செய்யவில்லை. சர்க்கரை நோய் காரணமாக இருக்கலாம், சோதிக்க வேண்டும் என்றார். வயரிங்ல கோளாறுன்னு சொல்லுங்க டாக்டர், நான் எலக்ட்ரீஷியன்தான் என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுற்றினால் உடனே உட்காருங்கள், அசையாமல் நிற்காதீர்கள், ஏணி வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அப்பாவோ தானாக ஒரு கணக்குப் போட்டுவிட்டார். எழும்போதுதானே சுற்றுகிறது, உட்கார்ந்தால்தானே எழ வேண்டும்! சாப்பாடுகூட நின்றபடிதான். ஏணியில் ஏறினால் வேலை முடியும்வரை இறங்குவதில்லை.

சனிக்கிழமை ஒரு கடையில் விளக்கு மாட்டினார். ஏணியை நான் பிடித்திருந்தேன். திடீரென்று மேலே ஸ்குரூடிரைவர் சத்தம் நின்றது. ஏணி என் கைக்குள் நடுங்கியது. அப்பா என்று கூப்பிட்டேன். அண்ணாந்து பார்த்தால், ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. இறங்கிய பிறகு, ஒண்ணுமில்ல அகராதி, அம்மாகிட்ட உளறி வைக்காதே என்றார்.

அடுத்த மாதம் ஒரு தியேட்டரின் கூரை விளக்கு வேலையை ஒப்புக்கொண்டிருக்கிறார். அது வார நாள், எனக்குப் பள்ளி. ஏணி பிடிக்க நான் இருக்க மாட்டேன்.

நான் ஏதாவது சொன்னால், புத்தகத்துல படிச்சதையெல்லாம் என்கிட்ட அவிழ்த்து விடாதே என்று என் வாயை அடைத்துவிடுகிறார். நீ சொன்னால் கேட்பார். கடிதம் கிடைத்ததும் போன் செய். வேறெதுவும் கேட்காதே, முதலில் அவரை உட்காரச் சொல். பேசி முடித்ததும் மெதுவாக எழட்டும், நான் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

ஆனால் அம்மா, அவர் சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க என் ஒருத்தி கை போதாது.

உன் மகள்,
அகராதி