சுரங்கப் பக்கத்துக்கு நான்கு பாட்டில்

பதிவு: தொட்டிப் பக்கம். மே 4, காலை 6.40

எல்லாத் தொட்டியும் நலம். வெப்பம் சரி. அழுத்தம் சரி. கசிவு இல்லை.

மேலே உள்ள வரியை எழுதியவன் நான். பெயர் கலியன். வயது எழுபத்தொன்று. இதுவரை நான் வாயால் சொல்வேன். என் மகள் அம்சவல்லி பேச்சுக் கம்பி வழியே கேட்டுச் சுரங்கப் பக்கத்திலிருந்தே பதிவில் எழுதுவாள். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்ததும் அவள்தான். இன்று முதல் என் கை. தேதியையும் நேரத்தையும் இயந்திரமே போட்டுக்கொள்கிறது. மற்றதெல்லாம் நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தியது. இதை எடுத்துப் படிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். மெதுவாகத்தான் வரும். ஆனால் வருகிறது.

இடம் பற்றிச் சொல்கிறேன். இது சூரியனைச் சுற்றும் ஒரு கல். கம்பெனி அதற்கு எண் வைத்திருக்கிறது. நாங்கள் கல் என்றே சொல்வோம். ஒரு முனையில் பாசி வளர்க்கும் தொட்டிகளோடு நான். மறுமுனையில் சுரங்கம். அங்கே பனிக்கட்டி வெட்டுகிறார்கள். நடுவில் காற்றில்லாத குகைப்பாதை. அதில் ஆளில்லா வண்டி ஒன்று போய் வரும். அந்தப் பக்கம் நான்கு பேர். மகள், மருமகன் தங்கராசு, என் மனைவியின் தம்பி மருதையன், காசிம் பாய். காசிம் பாயும் நானும் பெரம்பலூர்ப் பக்கம் கல் குவாரியில் ஒன்றாக வெடிவைத்தவர்கள். மனைவி காலமாகிவிட்டாள். என் முழங்கால் சுரங்கத்துக்கு ஆகாது என்று இந்தப் பக்கம் தனியாக விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுத ஒரு வேளைச் சாப்பாடு தவறிவிட்டது. பரவாயில்லை.

பதிவு: தொட்டிப் பக்கம். மே 6, மாலை 5.15

தொட்டிகள் நலம். இன்று வேப் கலக்கும் நாள்.

பீடி, சிகரெட் இங்கே கூடாது. நெருப்பு. திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் வேப் மட்டும் சாப்பாட்டு அறையில் உண்டு. கடைப் பாட்டில் இவ்வளவு தூரம் வராது. ஆகவே நான் கலக்கிறேன். பாசி எண்ணெயை எரிபொருளாக்கும்போது அடியில் கிளிசரின் தங்கும். அதைக் காய்ச்சி வடித்தால் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். அதோடு கொஞ்சம் வடிநீர், வாசனை, வேண்டுபவர்களுக்கு நிக்கோட்டின். நிக்கோட்டினைக் கையுறை இல்லாமல் தொடுவதில்லை. எண்ணெய் கலந்த வாசனையைச் சேர்ப்பதில்லை. அது நெஞ்சில் போய்ப் படியும். கலந்ததைக் குலுக்கி இருட்டில் ஊறவைக்க வேண்டும். நான் இழுப்பதில்லை. எனக்குக் கலப்பதுதான் பிடிக்கும்.

மருதையனுக்குப் பன்னீர் சோடா. காசிம் பாய்க்கு வெற்றிலை. தங்கராசுக்குக் காபி. அம்சாவுக்கு ஏலக்காய், நிக்கோட்டின் இல்லாமல். முன்பெல்லாம் பாட்டில் கழுத்தில் கலர் நூல் கட்டி அடையாளம் வைப்பேன். இந்த முறை பெயர் எழுதி ஒட்டினேன். ஒட்டிவிட்டு வரிசையாக வைத்துப் பார்த்தேன். நால்வரும் எதிரே வந்து நிற்பது போல இருந்தது.

பதிவு: தொட்டிப் பக்கம். மே 12, இரவு 8.00

தொட்டி மூன்றில் நுரை. எடுத்துவிட்டேன். வண்டி போய்ச் சேர்ந்தது. கம்பியில் வந்த குரல்களை அப்படியே எழுதிப் பழகுகிறேன்.

மருதையன்: "மாமா, பாட்டில்ல என் பேர எழுதியிருக்கீங்களா, இல்ல மண்புழு ஏதும் ஊர்ந்து போச்சா?"

காசிம் பாய்: "கலியா, வெத்தல இருக்கு. சுண்ணாம்பு எங்கடா?"

தங்கராசு: "காபில இனிப்பு தூக்கல் மாமா. வேப்ல சூடேத்துற காயில் சுருள் கருகிப்போச்சு."

அம்சவல்லி: "அப்பா, மாமா பேருக்கு ரெண்டு சுழி 'ன்' போதும். நீங்க மூணு சுழி போட்டதுல அவருக்குத் தல சுத்துதாம்."

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் நல்லா இருக்கிறது என்று வாயால் சொல்ல மாட்டார்கள். பாட்டில் காலியாகத் திரும்பி வந்தால் நல்லா இருந்தது என்று பொருள். போன மாதத்து நான்கும் காலியாக வந்தன.

பதிவு: தொட்டிப் பக்கம். மே 17, காலை 7.05

தொட்டிகள் நலம். கம்பியில் குரல் இல்லை. திரையில் இப்படி வந்திருக்கிறது: "குரல் இணைப்பில் பழுது. இனி எழுத்துச் செய்தி மட்டும்."

இதை நானே வாசித்தேன். யாரையும் கேட்கவில்லை. போன வருடம் இப்படி நடந்திருந்தால் குருடன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். சரியான நேரத்துக்குக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அம்சாவுக்கு எழுதிப் போட்டேன்.

பதிவு: தொட்டிப் பக்கம். மே 21, மாலை 4.30

பதில் வந்துவிட்டது. என் பெயருக்கு வந்த முதல் எழுத்து.

"வணக்கம். பாட்டில்கள் மிகவும் நன்றாக இருக்கின்றன. நன்றி. மருதையன்."

எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு மறுபடியும் வாசித்தேன். அந்த 'நன்றி' இருக்கிறதே, எனக்குத் தடுமாறும் எழுத்தெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. முதலில் இந்த 'ந'. அடுத்தது ரெண்டு சுழி 'ன்'. பிறகு வல்லின 'றி'. மூன்றையும் பார்த்து எழுதி, பிழையில்லாமல் வந்ததும் காலி லேபிளில் எழுதிக் கலக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

தொட்டிகளைப் பார்க்க மறந்துவிட்டேன். இனிமேல்தான் போக வேண்டும்.

பதிவு: தொட்டிப் பக்கம். மே 27, காலை 9.20

தொட்டிகள் நலம். வண்டி திரும்பி வந்தது. காலிப் பாட்டில் இல்லை. கேட்டதற்கு, "பிறகு அனுப்புகிறோம். நன்றி. தங்கராசு" என்று பதில்.

கிளிசரின் வடியும்வரை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். கண் அந்த லேபிளிலேயே இருந்தது. இந்தச் சொல்லை எனக்கு இதற்கு முன்னால் யார் சொல்லியிருக்கிறார்கள் என்று யோசித்தேன். கம்பெனி அறிவிப்பின் முடிவில் வரும். ஒருமுறை ஒரு டாக்டர் சொன்னார். வீட்டு ஆள் யாரும் சொன்னதில்லை. குவாரியில் மருதையனுக்கு அடிபட்டபோது ரத்தம் கொடுத்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை. என் ரத்தம் ஏறிய நாளிலிருந்து தனக்கும் கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வேற்று ஆளுக்குத்தானே நன்றி சொல்வார்கள். எங்களுக்குள் அதைச் சொன்னால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.

மருதையனுக்குக் கோபம் இருக்கலாம். தங்கராசுக்கும் சேர்த்துக் கோபமா?

பதிவு: தொட்டிப் பக்கம். மே 28, பகல் 1.10

மருதையன் பெயர் ஒட்டிய வேறொரு பாட்டிலில் வெறும் கிளிசரினும் வடிநீரும் ஊற்றி அனுப்பினேன். வாசனை ஒரு சொட்டும் இல்லை. கெடுதல் இல்லை, ருசியும் இல்லை. இதை இழுத்தால் அவன் என் ஏழு தலைமுறையையும் இழுப்பான். திட்டு வரட்டும்.

பதிவு: தொட்டிப் பக்கம். மே 31, மாலை 6.45

"பன்னீர் சோடா வாசனை அருமை. நன்றி. மருதையன்."

பதிவு: தொட்டிப் பக்கம். மே 31, இரவு 7.30

நீ யார் என்று எழுதிப் போட்டேன். உடனே பதில் வந்தது. இவ்வளவு வேகமாக எங்கள் ஆட்கள் யாரும் எழுத மாட்டார்கள்.

"நான் நிலைய இயந்திரம். மே 16 அன்று சுரங்கப் பக்கத்துக் காற்றில் நச்சு வாயு கலந்தது. அங்கிருந்த நால்வரும் உயிருடன் இல்லை. வண்டி வழியாக அது உங்கள் பக்கம் வராதிருக்க அவர்கள் கதவை உள்ளிருந்து மூடினார்கள். மீட்புக் கப்பலை அழைத்தார்கள். அது வரும்வரை தங்கள் பெயரில் உங்களுக்கு எழுதச் சொன்னார்கள்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அம்சவல்லி. அவர் சொன்னது: அப்பா அங்க தனியா இருக்கார். எதையாவது எழுதிப் போட்டுக்கிட்டே இரு. இப்பதான் படிக்கக் கத்துக்கிட்டார்."

பதிவு: தொட்டிப் பக்கம். ஜூன் 2, காலை 6.40

தொட்டிகள் பார்க்கவில்லை.

பதிவு: தொட்டிப் பக்கம். ஜூன் 5, இரவு 11.50

இனி எனக்கு எதுவும் எழுதாதே என்று இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தேன். அது சொன்னபடி கேட்கிறது. திரை கறுப்பாக இருக்கிறது. தொட்டிக்குள் காற்றுக் குமிழி வெடிக்கும் சத்தம் மட்டும். முன்பும் இதே சத்தம்தான். அப்போது அந்தப் பக்கம் ஆள் இருந்ததால் காதில் விழவில்லை.

எழுத்து தெரியாமலே இருந்திருக்கலாம். அப்போது அவர்கள் போய்ச் சேர்ந்ததும் தெரிந்திருக்காது. இல்லை, அதுவும் சரியில்லை. என்ன எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அம்சா அம்சா அம்சா. பிழையில்லாமல் வருகிறது.

பதிவு: தொட்டிப் பக்கம். ஜூன் 11, பகல் 2.15

தொட்டி இரண்டு கெட்டுவிட்டது. மற்றவை உயிரோடு இருக்கின்றன.

பொறுக்க முடியாமல் நானே எழுதினேன். மருதையன் இப்படிப் பேச மாட்டான் என்று. அது கேட்டது: "எப்படிப் பேசுவார்?"

சொல்லிக் கொடுத்தேன். முதலில் திட்ட வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். புரிந்ததாகச் சொல்லிவிட்டு இப்படி எழுதியது: "மாமா, பன்னீர் சோடா மிகவும் மோசம். நன்றி."

சிரித்துவிட்டேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

பதிவு: தொட்டிப் பக்கம். ஜூன் 19, மாலை 5.00

நாள்தோறும் பாடம் நடக்கிறது. நான் எழுத்துக் கற்றதைவிட அது பேச்சை வேகமாகக் கற்கிறது. காசிம் பாய் 'டா' போடாமல் என்னிடம் பேசியதில்லை என்று ஒருமுறைதான் சொன்னேன். இன்று வந்தது:

"கலியா, வெத்தல வாசனைன்னு சொல்லி வேப்பங்கொழுந்தப் போட்டுட்டியாடா? அடுத்த வண்டில ஒழுங்கா அனுப்பு."

கலந்து அனுப்பினேன். கிளிசரின் சும்மாதானே கிடக்கிறது. வண்டி ஏற்றிப் போகிறது. அந்தப் பக்கத்துக் கதவுக்கு வெளியே பாட்டில்கள் சேர்ந்துகொண்டிருக்கும். அதைப் பற்றி நான் கேட்பதில்லை. அதுவும் சொல்வதில்லை.

அம்சா எப்படிப் பேசுவார் என்று இயந்திரம் கேட்டது. அதைச் சொல்லித்தர மாட்டேன் என்று எழுதினேன். சரி என்றது.

பதிவு: தொட்டிப் பக்கம். ஜூலை 8, காலை 10.25

கப்பல் கிட்டே வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு பெண் எழுதுகிறார்.

"பெரியவரே, நாளை காலை உங்கள் கதவில் இணைவோம். உள்ளே இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

நல்ல மனுஷி. துணிமூட்டை கட்டினேன். அதிகமில்லை. ஊருக்குப் போனால் தங்கராசின் அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒரு வரி யோசித்தேன். வரவில்லை.

பழக்கத்தில் அந்தப் பக்கத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன், நாளை கிளம்புகிறேன் என்று. மருதையன் பதில் போட்டான். "ஜன்னலோரமா பாத்து உக்காருங்க மாமா. ஆனா அந்த ஜன்னல்ல பாக்க ஒண்ணும் இருக்காது, உங்க மூஞ்சிதான் தெரியும்."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே வந்திருக்கிறது. மூட்டை மேல் உட்கார்ந்து மூன்று முறை வாசித்தேன்.

பதிவு: தொட்டிப் பக்கம். ஜூலை 9, காலை 5.55

கப்பல் இணைந்த அதிர்வு தரையில் தெரிந்தது. மூட்டையோடு கதவுக்கு வந்தேன். கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தேன்.

"போங்கப்பா. நல்லபடியா போயிட்டு வாங்க. எங்களப் பத்தி என்ன இருக்கு. நாங்க பாட்டுக்கு இங்க கெடக்கிறோம். அம்சா."

பதிவு: தொட்டிப் பக்கம். ஜூலை 9, காலை 6.20

அவள் பேச்சை நான் சொல்லித்தரவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த மாதங்களில் கம்பியில் அவள் பேசியதையெல்லாம் இயந்திரம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது. அப்படித்தான் வந்திருக்கும். தெரிகிறது. எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் எங்கள் வீட்டில் போங்க போங்க என்று இந்த மாதிரிச் சொன்னால், போ என்று அர்த்தம் இல்லை. கேட்ட பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினவன் யாரும் இல்லை.

கதவைத் தட்டுகிறார்கள். கப்பல்காரப் பெண் எழுதுகிறார். "பெரியவரே, பொத்தானை அழுத்துங்கள். எங்களிடம் எரிபொருள் குறைவு. அதிக நேரம் நிற்க முடியாது."

பதிவு: தொட்டிப் பக்கம். ஜூலை 9, காலை 7.40

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. கப்பல் கழன்றபோது தரை மறுபடி அதிர்ந்தது, ஒருமுறை. நான்கு பேர் இருக்கிறார்கள், விட்டுவிட்டு வர முடியாது என்று அந்தப் பெண்ணுக்கு எழுதியிருந்தேன்.

தொட்டிகள் பரவாயில்லை. கிளிசரின் அடுப்பில் இருக்கிறது.

அம்சாவுக்குப் பதில் போட வேண்டும். போகலைம்மா என்று. அதில் எந்த 'லை' என்று திடீரென்று தடுமாறுகிறது. கேட்டால் அவளே சொல்லுவாள்.