பட்டாணி சூப்பும் நீல டப்பாவும்

ஏங்க, பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜில் உள்ள நீல டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். அது சாப்பாடில்லை, என் மலப் பரிசோதனைக்காக எடுத்து வைத்தது. லேப் பெண் பதினொரு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வாள்.

போன வாரம் நீங்கள் கொடுத்த பரிசோதனையின் ரிசல்ட் பற்றி அவள் போனில் சொன்னாள்: "வயசாக வயசாக வயித்துல இருக்கிற கிருமிங்களும் மாறிடும்மா. பழைய கூட்டம் குறையும், புதுசு குடியேறும். சாருக்குப் பட்டாணியெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாப் பழக்குங்க." கேட்டீர்களா? "இருபது வயசுல இருந்த அதே வயிறுதான்டி இது" என்று நேற்று என்னோடு மல்லுக்கு நின்றீர்களே!

"நீ மட்டும் ரெண்டு கிண்ணம் குடிக்கலாமா?" என்று நீங்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் என்னுடையதையும் கொடுத்தனுப்புகிறேன்.

சாவி செருப்பு அலமாரி மேல்.

இன்னொன்று: நேற்று சூப் குடித்தபின் உங்களைப் போலவே எனக்கும் வயிறு உப்பித்தான் கிடந்தது. உங்களிடம் தோற்கக் கூடாதென்று மூச்சு விடவில்லை.