கடல் தாண்டிய தூண்கள்

கிளீவ்லாந்து, அமெரிக்கா
4 மார்ச் 1912

என் பிரியமான நுன்சியாத்தாவுக்கு,

உன் கடிதமும் அசுந்தாவின் புகைப்படமும் சேர்ந்தே வந்தன. நான் கப்பலேறும்போது உன் வயிற்றில் இருந்தவள், இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூக்கு என்னுடையது, பாவம்.

வங்கி வேலை முடிந்துவிட்டது. முகப்பில் எட்டுத் தூண்கள் செதுக்கினோம். நம் ஊர்ப் பேராலயச் சுவருக்குள் நிற்கின்றனவே பழைய கிரேக்கக் கோயில் தூண்கள், அதே சாயல். மேஸ்திரி ஹென்னிங்கிடம், "இந்த மாதிரி தூணுக்கு நடுவுலதான் எனக்குக் கல்யாணம் நடந்துச்சு" என்றேன். "அப்போ உங்க ஊர் வங்கி ரொம்பப் பெருசா இருக்கும்" என்றான்.

அடுத்து நீதிமன்றம். அதற்கும் தூண்கள்தான் வேண்டுமாம். இரண்டு வருடத்தில் திரும்புவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது நடக்காது போலிருக்கிறது. கோபிக்காதே. இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். கப்பல் சீட்டு அனுப்புகிறேன். குழந்தையோடு வந்துவிடு.

உன்,
மார்சியானோ

சிராகூசா
22 ஏப்ரல் 1912

அன்புக் கணவருக்கு நுன்சியாத்தா எழுதுவது.

நலம். சீட்டு அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிறு பூசையில் நீங்கள் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறேன். தூணின் குளிர்ச்சி முதுகில் ஏறுகிறது. மாதாவுக்கு முன்னால் அந்தப் பேராலயம் கிரேக்கர்களின் அத்தேனா தேவிக்கு வீடாக இருந்ததாமே. கடலுக்குப் போனவனை அனுப்பிவை என்று கேட்ட பெண்கள் அப்போதும் இருந்திருப்பார்கள். தெய்வம் மாறியது, கேட்பது மாறவில்லை.

"போடி, போய்ச் சேரு. தனியா விட்ட ஆம்பளையும் திறந்து வச்ச மீனும் ஒண்ணு" என்கிறாள் உங்கள் பிலிப்பா அக்கா. வருகிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் வருகிறேன்.

உங்கள்,
நுன்சியாத்தா

சிராகூசா
9 செப்டம்பர் 1912

அன்புக் கணவருக்கு,

பலெர்மோ துறைமுகம்வரை போய்த் திரும்பி வந்துவிட்டோம்.

கப்பலேறும் முன் கண் பரிசோதனை. அமெரிக்க வைத்தியர் அசுந்தாவின் இமையைப் புரட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "நீ போலாம்மா. பிள்ளை போக முடியாது. இமைக்குள்ள புண்ணு இருக்கு. ஒட்டிக்கிற நோய். அங்கே இறங்கினாலும் இதே கப்பல்ல திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். குணமாக எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். "சிலருக்கு வருஷக்கணக்கா இருக்கும்" என்றார்.

உங்களுக்காகக் கட்டி வைத்த பாதாம் மிட்டாயை ரயிலில் அவளே தின்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நுன்சியாத்தா

கிளீவ்லாந்து
3 அக்டோபர் 1912

என் நுன்சியாத்தா,

உன் கடிதம் வந்த அன்று உளி சரியாகப் பிடிபடவில்லை.

நீ மட்டும் முதலில் வா. பிலிப்பா அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். கண் குணமானதும் யாரோடாவது அனுப்பச் சொல்லலாம். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு ருசியே போய்விட்டது. இந்த முறை கேட்கிறேன்: வருகிறாயா?

மார்சியானோ

சிராகூசா
14 டிசம்பர் 1912

அன்புக் கணவருக்கு,

நேற்று புனித லூசியா திருநாள். கண்ணைக் காக்க அவளை விட்டால் யார்? வெள்ளிச் சிலை தூண்களைக் கடந்து வெளியே வந்தபோது அசுந்தாவைத் தோளில் ஏற்றிக் காட்டினேன். சிலை சுமந்த பச்சைத் தொப்பிக்காரர் ஒருவரைக் காட்டி, "அம்மா, அவருதான் அப்பாவா?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

வாரந்தோறும் வைத்தியர் அவள் இமைக்குள் மயில்துத்தம் தேய்க்கிறார். எரியும்போது என் கழுத்தைத்தான் கட்டிக்கொள்கிறாள். அந்தக் கழுத்தை நான் எப்படிக் கப்பலேற்றுவது? வரமாட்டேன்.

உங்களை வரச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இங்கே யாருக்கும் புதுத் தூண் வேண்டாம், பழையதே விழாமல் நிற்கிறது. அங்கேயே இருங்கள் என்றும் என்னால் எழுத முடியவில்லை. இத்துடன் நிறுத்துகிறேன்.

நுன்சியாத்தா

கிளீவ்லாந்து
10 பிப்ரவரி 1913

என் நுன்சியாத்தாவுக்கு,

நீதிமன்றத் தூண்கள் பாதி நிற்கின்றன. மீதியை வேறு யாராவது செதுக்குவார்கள். ஹென்னிங் என்னைக் கூப்பிட்டு, "அடுத்து நூலகம் வருது, அஞ்சு வருஷ வேலை. இப்போ போனா உனக்கு மறுபடி இடம் கிடைக்காது" என்றான்.

"சரிங்க" என்றேன்.

"என்ன சரி?"

"இடம் கிடைக்காதுன்னீங்களே, அதுக்குத்தான்."

அங்கே எனக்குத் தூண் வேலை இருக்காது என்று தெரியும். மீனவர் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவேன். கைக்கு வெட்கமில்லை. மனசுக்குக் கொஞ்சம் இருக்கும். நீ பார்த்தும் பார்க்காதது போல் இரு.

அசுந்தா என்னைக் கண்டு அழுவாள். அழட்டும். இவர்தான் அப்பா என்று பிடித்துத் தள்ளாதே. அவளாக வரட்டும்.

ஈஸ்டருக்குள் வந்துவிடுவேன். இதற்குப் பதில் எழுதாதே. அது இங்கே வந்து சேரும்போது இந்த அறையில் வேறு யாரோ இருப்பார்.

உன்,
மார்சியானோ