சான்றுக்கு விட்டுவைத்த கொடி

தை 9, வியாழன்

கடும்பனி. ஒரகடம் சாலையில் ஆலைப் பேருந்துகளின் விளக்குகள் மட்டும். தொண்டைக் கரகரப்பு. அதிமதுரம் தீர்ந்தது.

பயிர்நோய் ஆய்வாளர் கயல்விழி தொலைபேசியில். மேரி தோட்டத்துக் கொடித்தோடை (ஊர் வாயில் பேஷன் ஃபுரூட்) இலைகளின் முடிவு வந்துவிட்டது. காரணம் ஆலைப்புகை அன்று. நச்சுயிரி. இதுவரை எவரும் கண்டிராதது, பெயர்கூட இல்லை. அசுவினிப் பூச்சி கொடிக்குக் கொடி கொண்டுசெல்கிறதாம்.

"வேரோட எடுத்து எரிச்சிடணும் ஐயா. பக்கத்துத் தோட்டம் இன்னும் நல்லாத்தான் இருக்கு. சீக்கிரம்."

மருந்து? இல்லையாம். அவர் குரலில் ஒரு துள்ளல். புதியதைக் கண்டவரின் துள்ளல். குறை சொல்ல மாட்டேன்.

நினைவில் கார்த்திகை மாத ஆலை எதிர்ப்புக் கூட்டம், மண்ணூர் முச்சந்தி. என் முழக்கம்: "சுருண்ட இலை ஒவ்வொன்றும் ஆலைக்கு எதிரான சான்று! ஒரு கொடியையும் பிடுங்காதீர்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுநாள் நானே பலகை எழுதி மேரியின் பந்தலில் கட்டினேன். "இக்கொடி சான்று. தொடாதீர்."

தை 10, வெள்ளி

செய்ய வேண்டியவை: அதிமதுரம். வண்டிக்குக் காற்று. மேரியிடம் சொல்வது.

முதல் இரண்டும் முடிந்தன.

தை 11, காரி

மேரி ஆலை உணவகத்தில் காலைமுறை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். பந்தல் முழுதும் மஞ்சள் திட்டு. காய்கள் கட்டைபோல். சொன்னேன். முன்னுரை நீண்டுவிட்டது.

"இன்னாண்ணா சொல்றீங்க? சாட்சின்னீங்க. ஆபீசருங்க வந்து பாப்பாங்க, நஷ்டஈடு குடுப்பாங்கன்னீங்க. இப்போ புடுங்கிட்டா இன்னாத்த காட்றது?"

"காட்ட ஒன்றுமில்லை அம்மா. நான் சொன்னது தவறு."

"அத்த மைக்குல அம்மாஞ் சத்தமா சொன்னீங்க. இத்த மட்டும் காதுல சொல்றீங்க."

மாடியில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலித் தொழிலாளி, துணி உலர்த்தியபடி: "அண்ணாச்சி, மேடை போட்டாத்தான் அக்கா கேப்பாவ போல."

தை 12, ஞாயிறு

அதே முச்சந்தி. மேடை இல்லை, ஒலிவாங்கி மட்டும். சொன்னேன்: புகை உண்மை, அதற்கான போராட்டம் நிற்காது. ஆனால் கொடியைக் கெடுத்தது நச்சுயிரி. அதைப் பிடுங்கவிடாமல் தடுத்தது என் சொல்.

கைதட்டல் இல்லை. கூட்டத்தில் யாரோ: "அப்போ அன்னிக்குத் தட்னதெல்லாம் வேஸ்டா?" சிரிப்பு.

மேரி எழுந்து போனாள். பின்னாலேயே போனேன். கத்தியை எடுத்துப் பந்தல் கயிற்றை அறுத்தாள்.

"மொத இலை சுருண்டப்பவே வெட்டிடலாம்னு இதே கத்தியத்தாண்ணா எடுத்தேன்."

அடுத்த கயிற்றுக்கு நகர்ந்தாள். திட்டியிருக்கலாம். வேர்களை நான் பிடுங்கினேன். எரித்தோம், பலகையையும் சேர்த்து.

தை 14, செவ்வாய்

பனி குறைவு. உள்ளங்கையில் கொப்புளம்.

கயல்விழி கேட்கிறார்: துண்டறிக்கைக்கு அந்த நச்சுயிரியின் பெயர் தமிழில் வேண்டுமாம். "நீங்கதான் ஐயா வைக்கணும்." இவ்வூர்க் கடைப்பலகைகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் சூட்டியவன் நான். ஒரு சொல்லும் வரவில்லை.

மாலை, மேரிக்கு அடுத்த தோட்டம். தாமோதரன். போன வாரம்வரை முழுப் பச்சை. இன்று தளிரில் மஞ்சள் திட்டு. ஓர் இலையைக் கிள்ளி என் கையில் வைத்தான்.

"எங்க பந்தல்ல நீங்க போர்டே கட்டலியேண்ணா. அப்புறம் எப்டி வந்துச்சு?"